டேனியின் வலது கால்

"இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரை விட்டு இறங்கிய மனிதர், பிளாஸ்க் மூடியில் ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டிய பிறகும் வரவில்லை. வரமாட்டார் என்று பவளராணிக்குத் தெரியும். மூன்று கார் தள்ளி, கெவின் கிழவனுடைய வண்டிக்கு முன்னால், கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு ஜெனிற்றா நிற்கிறாளே, பிறகு எப்படி வருவார்? மழை பெரிதாகவும் இல்லை, விட்டபாடாகவும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கும் தடி ஒருமுறை போய்வர, சிவநேசனும் ஜெனிற்றாவும் கெவினும் தெளிவாகத் தெரிந்தார்கள். துளிகள் விழ விழ மூவரும் கரைந்து போனார்கள். மறுபடி தடி வந்தது. இப்போது தன் மனிசனும் அவளும் முன்னையைவிட ஒரு சாண் கிட்ட நிற்பதுபோல இருந்தது. கெவின் நின்ற இடத்தில்தான் நின்றான். இந்தச் சின்னப் பட்டினத்தில் ஃபுட்டி என்கிற இந்த நாட்டுப் பந்தாட்டம் பார்ப்பது இப்படித்தான், நீள்வட்ட மைதானத்தைச் சுற்றிக் கார்களை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்திவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்து பார்ப்பார்கள். நம்முடைய ஆள் நடுக்கம்பங்களுக்கு இடையால் பந்தை உதைத்து ஆறு புள்ளி எடுத்தால் எல்லாக் காரும் ஹோர்ண் அடிக்கும். பக்கக் கம்பத்தால் போய் ஒரு புள்ளி வந்தால் அடிக்கக் கூடாது, அடித்தால் சிரிப்பார்கள். இதெல்லாம் அவளுக்குச் சொல்லித் தந்தவர் சிவநேசன்தான், இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்களிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வந்து, வந்த முதல் குளிர்காலத்தில், இதே காருக்குள், அவளுடைய கையைப் பிடித்து ஹோர்ணில் வைத்து. வலது கையை. அப்போது அது எல்லாப் பக்கமும் எட்டுகிற கையாக இருந்தது.

இன்றைக்குத் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், நம்முடைய அணி நீலவெள்ளைக்காரருக்கு இந்த வருஷ ஆட்டம் இத்தோடு முடிந்தது. எதிரே பக்கத்து ஊர்க்காரர், ஒவ்வொருத்தனும் குளிர்சாதனப் பெட்டி அளவு, சேறு அவர்களுக்கு வெல்லம். கடைசி ஐந்து ஆட்டத்தையும் வென்றுகொண்டு வருகிறார்கள். நம்முடைய பக்கத்தில் பெரிய கிரேக்குக்குக் கணுக்கால் வீக்கம், பின்வரிசையில் ஒருத்தனுக்குத் தடை, எல்லாவற்றுக்கும் மேலே டேனி. டேனியின் வலது கால். டேனியின் வலது காலின் பின்தொடை. போன மாதம் ஓடும்போது அதைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான், அன்றிலிருந்து அந்தத் தொடை பவளராணியின் வீட்டில் குடியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, படுக்கையில் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. "வலது கால், பின்பக்கம், கொஞ்சம் மேலை" என்று சிவநேசன் சொல்வார், சொல்லும்போது குரல் எப்படிக் குழைகிறது! "பாவம் பொடியன்" என்பார். பாவமாம். அந்தச் சொல்லில்தான் அவள் தடுக்கி விழுந்தாள், விழுந்து இன்னும் எழும்பவில்லை. தன்னைப் பார்த்து இந்த மனிசன் கடைசியாகப் பாவம் என்று சொன்னது எப்போது? மகன் சிட்னிக்கு வேலைக்குப் போன அன்றா? இல்லை, அன்றைக்கும் மகனைத்தான் சொன்னார். ஒரு தொடையோடு போட்டி போடுகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று அவளுக்கு ஒருபக்கம் சிரிப்பும் வந்தது. ஆனால் சிரிப்பு வந்தால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன. வியாழக்கிழமை பின்னேரம் கிளப்பில் பெயர் ஒட்டுவார்கள், யார் உள்ளே யார் வெளியே என்று. ஒட்டியதும் சிவநேசனிடமிருந்து ஜெனிற்றாவுக்குத்தான் போன் போகும். அவள்தானே கிளப்பின் கட்டுப்போடுகிறவள். வீட்டுக்குள் சிக்னல் இல்லையாம், பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே போய் நின்றுதான் கதைப்பார். அங்கே மட்டும் எப்படித்தான் சிக்னல் வருகிறதோ. பவளராணி கோப்பை கழுவிக்கொண்டே யன்னலால் பார்ப்பாள். வீட்டில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், அங்கே கையை ஆட்டி, காலை மடக்கி, தன்னுடைய தொடையைத் தானே தொட்டுக் காட்டிக் கதைப்பார், போனில் கேட்கிறவளுக்கு அது தெரியவா போகிறது. இந்த வியாழன் தொடையோடு நிற்கவில்லை. வலது கையை மெல்ல உயர்த்தி, பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுளித்து, தோளைத் தொட்டார். சரிதான், கிரேக்கின் தோளும் போய்விட்டது போலிருக்கிறது, இனி அதையும் சேர்த்து வளர்க்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவள் இடது கையால் அடுத்த கோப்பையை எடுத்தாள்.

இடது கையால்தான். வலது தோள் இறுகிப் போய்ப் பல வாரம். பழம் பொதிசெய்யும் கொட்டகையில் மேல் தட்டிலிருந்து பெட்டியை இழுத்தபோது ஏதோ சொடுக்கியது, பிறகு சொடுக்கவில்லை, பூட்டுப் போட்டதுபோல ஆகிவிட்டது. தலைக்கு மேலே போகாது. முதுகுக்குப் பின்னால் போகாது. கொண்டை போட முடியாமல் கிளிப்புக்கு மாறினாள், சீப்பை இடது கைக்கு மாற்றினாள், மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள் டின்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள், கட்டிலில் இடதுபக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். இவ்வளவும் ஒரே வீட்டுக்குள் நடந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேனி ஒரு எட்டுக் குறைத்து வைத்தால் மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து கண்டுபிடிக்கிறவருக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று தெரியாதாம். நீயே சொன்னால் என்ன என்று டன்டினோங்கில் இருக்கும் தங்கை தேவி போனில் கேட்டாள். என்னவென்று சொல்வது? ஏலாது என்று சொன்னால் கொட்டகையில் அடுத்த கிழமை கூப்பிடமாட்டார்கள், ஏலும் என்கிற பிள்ளைகள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தானோ என்று ஒரு பயம். சொன்ன அன்றிலிருந்து தான் நோயாளி, அவர் நோயாளியைப் பார்க்கிற ஆள், அந்தப் பக்கத்தில் ஜெனிற்றா, இரண்டு தோளும் நிமிர்ந்தபடி. சொல்லிக் கேட்டு வாங்குகிற 'பாவம்' எனக்கு வேண்டாம், தேவி. அவர் பார்த்துக் கேட்கவேணும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி வாறன், கொஞ்ச நாள் உன்னோடு நிற்கிறன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் அக்கா என்று தேவி கேட்டதற்கு, அடுப்பில் கறி கிடக்குது என்று அவள் போனை வைத்துவிட்டாள். பை ஆயத்தமாகக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, அதையும் இடது கையால்தான் அடுக்கினாள். இன்றைக்கு நடுவர் பந்தை நிலத்தில் குத்தி ஆட்டத்தைத் தொடங்க முதல் சிவநேசன் தன் வாயால் உமக்கு என்ன செய்யுது என்று கேட்டால் பையைப் பிரிப்பது, இல்லாவிட்டால் போவது. காலையில் பல் தீட்டும்போது எடுத்த முடிவு இது. நேர்த்திக்கடன் மாதிரி, யாருக்கும் சொல்லவில்லை.

தடி ஒருமுறை துடைத்தது. ஜெனிற்றா சிரிக்கிறாள். மன்னார்க்காரி, பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, தனியாக இருக்கிறாள், தனியாகக் கார் ஓடுகிறாள், யாருடைய தோளில் வேண்டுமானாலும் கை வைத்துப் பேசுகிறாள். சனிக்கிழமைகளில் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தடித்தடிக் கால்களை மடியில் தூக்கிவைத்து நாடா ஒட்டுகிறாள். கெட்டவள் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் பேசித் தீர்த்துவிடலாம். பவளராணிக்குக் காய்ச்சல் வந்தபோது பாண் சுட்டுக் கொண்டுவந்தவள் அவள்தான். நல்ல பாண், அதையும் சொல்லவேண்டும். தன் மனிசனைப் பார்த்து இவள் ஏதும் கள்ளக் கண் வைக்கிறாளா என்று எத்தனையோ தரம் உற்றுப் பார்த்துவிட்டாள், அப்படி ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. எரிந்தது எதற்கென்றால், அவளோடு நிற்கும்போது அவர் கதைக்கிறாரே, அதற்கு. கதைக்கிறதற்கு அவரிடம் இவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அந்த வேலிக் கம்பியில் கொண்டுபோய் அவிழ்க்கிறார். பவளராணி இடது கையை நீட்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். வெங்காயம் வதங்கும் வாசனையும், கிளப் அறையிலிருந்து தைல நெடியும், அவர்களுடைய குரலும் சேர்ந்து உள்ளே வந்தன. கெவின் சத்தமாகத்தான் பேசுவான். இந்தச் சேற்றில் டேனியை இறக்குவது பைத்தியம், வெளியே இருத்து, கடைசிக் கால்மணிக்கு வைத்திரு என்றான். சிவநேசன் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், இல்லை, முதல் பாதியில் எடுக்காத புள்ளியைக் கடைசியில் எங்கே போய் எடுப்பாய் என்றார். "பொடியனைக் கேட்டியா, என்ன சொல்லுறான்?" என்றான் கெவின். சிவநேசன் தலையை ஆட்டினார். "விளையாடுறவனைக் கேக்கக் கூடாது. எல்லாரும் ஒண்டும் இல்லையெண்டுதான் சொல்லுவாங்கள். வாயைக் கேளாத, ஓடுறதைப் பார்" என்று அவர் சொல்ல, ஜெனிற்றா ஆமாம் என்று தலையாட்டினாள். ஆமாமாம், தலையாட்டு. பெரிய வேதம் ஓதுகிறார்கள் இரண்டு பேரும். பவளராணி கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

சின்ன அணிகளின் ஆட்டம் முடிந்து, நீலவெள்ளைக்காரர் உடம்பைச் சூடாக்க வெளியே ஓடிவந்தார்கள். சுற்றிவர நின்ற அத்தனை காரிலும் துடைக்கும் தடிகள் வேகம் பிடித்தன, எல்லோருக்கும் பார்க்கவேண்டியது ஒருத்தனைத்தான். பவளராணி பார்ப்பதில்லை என்று வைராக்கியமாகத் தேத்தண்ணியைப் பார்த்தாள், பிறகு அவளும் பார்த்தாள். டேனி நல்ல உயரம், வெளிறின முடி, வலது தொடையில் நீல நாடா, ஜெனிற்றாவின் கையால் ஒட்டியது. ஓடினான். நின்றான். குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினான், அது கட்டியபடிதான் இருந்தது. அடடா, கள்ளன், நோகுது உனக்கு என்று அவள் தன்னை மறந்து நினைத்தாள். நூல் கட்டுவது அவளும் செய்கிற வேலைதானே, கொட்டகையில் கை இழுக்கும்போதெல்லாம் தலைத்துணியைச் சரிசெய்வதுபோல நின்றுவிடுவாள். அவன் எழும்பிச் சிரித்துக்கொண்டு பந்தைக் கேட்டான். அவனுக்கு ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கிழவன் கெவின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான், என் மனிசன் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார், அந்தக் கைகள் அப்படி என்னைப் பிடித்து எத்தனை காலம். கிழியட்டும், என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. இன்றைக்கே, இந்த இடத்திலேயே, சதை கிழிந்து விழட்டும், அந்தத் தொடையோடு என் வீட்டுக் கதையும் முடியட்டும். சொல்லி முடிய முதலே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாய் பெற்ற பிள்ளை, என் மகன் வயது. என்ன பொம்பிளை நான்? முருகா, அது நான் சொன்னதில்லை, என்று அவசரமாகத் திருப்பி எடுத்தாள், எடுத்தாலும் முழுதாக எடுக்கவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் கிடக்கத்தான் செய்தது. மறுபடி நிமிர்ந்தபோது வேலியில் சிவநேசனும் கெவினும்தான் நின்றார்கள். ஜெனிற்றா காரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள், சிவநேசனுடைய இருக்கையில். இருக்கையை முன்னுக்கு இழுக்கவும் இல்லை, பின்னுக்குத் தள்ளவும் இல்லை, அளவெடுத்ததுபோலப் பொருந்தினாள், அதையும் பவளராணி கவனித்தாள். "அக்கா, நல்ல குளிர் என்ன? ஸ்வெட்டரைக் கொஞ்சம் இறக்குங்கோ, தோளை ஒருக்காப் பாப்பம்." எந்தத் தோள் என்று பவளராணி கேட்டாள், கேட்ட குரல் தன்னுடையதாக இல்லை. "வலதுதானே அக்கா. நேசண்ணை எல்லாம் சொன்னவர். பாவம் அக்கா நீங்கள், சீப்பைக்கூட இடது கையிலைதானாம் பிடிக்கிறியள். தூள் டின்னெல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்திட்டுதாம். சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறியளாம், நித்திரையிலை திரும்பினால் முனகுறியளாம். வியாழக்கிழமை போனிலை கையை எவ்வளவு தூக்குறியள் எண்டுகூடச் சொன்னவர். காதளவுக்கு வராதாம், சரியோ?" உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே அவர் பாதியில் நிறுத்திய கை. கிரேக்கின் தோள் இல்லை அது. என் தோள். என் தோளைத்தான் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், இவளுக்கு. தைலம் தேய்த்த உள்ளங்கை சூடாக வந்து பட்டது. நல்ல கை, நோகுமிடத்தைத் தானாகத் தேடிப் போகிற கை, அப்படி ஒரு சுகம், அந்தச் சுகத்துக்கும் அவளுக்குக் கோபம் வந்தது. சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார், டின்னை, சீப்பை, முனகலை, நான் அறியாத முனகலைக்கூட. ஆனால் பார்த்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, எனக்குத் தராமல், கொண்டுபோய் இவளுடைய மடியில் கொட்டியிருக்கிறார். அந்தப் 'பாவம்' கூட இவளுடைய வாயால்தான் எனக்கு வருகிறது. எத்தனை வாரம் காத்திருந்த சொல், அடுத்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போன கடிதம் மாதிரி. "கட்டுப்போட்டு மாறுற சாமான் இல்லை அக்கா. தோள் இறுகிப்போச்சு, எங்கட இல்லத்திலை கன பேருக்கு இப்பிடித்தான். டொக்டரிட்டைக் காட்டவேணும். திங்கட்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன்." திங்கட்கிழமை என்றதும் பவளராணி திடுக்கிட்டாள். ஜெனிற்றா நீல நாடாவை வெட்டித் தோளில் ஒட்டினாள், டேனிக்கு ஒட்டிய அதே நாடா, ஒட்டிவிட்டு மெல்லத் தட்டிக்கொடுத்து இறங்கிப் போனாள். நன்றி சொன்னேனா இல்லையா என்று பவளராணிக்கு நினைவில்லை.

சிவநேசன் ஒரு பொட்டலம் சூடான உருளைக்கிழங்குப் பொரியலோடு வந்து ஏறினார், தலை நனைந்திருந்தது, கண்ணாடியை இறக்கிவிட்டு மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "ஜெனிற்றா என்ன சொன்னவ?" இவ்வளவு காலம் காத்திருந்த கேள்வி, அதிலும் ஜெனிற்றா முன்னுக்கு நிற்கிறாள். சைரன் ஊதியது. நடுவர் பந்தைச் சேற்றில் குத்தினார், அது எழும்பாமல் ஒருபக்கம் வழுக்கியது, எல்லோரும் அதன்மேல் விழுந்தார்கள். முடிந்தது, தவணை போய்விட்டது, பஸ்தான் என்று அவள் நினைத்தாள், ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. "ஏன், நான் செத்துப்போனனோ? என்னட்டைக் கேட்டால் என்ன? ஊருக்கெல்லாம் என்ர தோளைக் காட்டிக்கொண்டு திரியிறியள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அவள் வந்து சொல்லித்தான் நான் முனகுறன் எண்டு எனக்கே தெரியும்." சிவநேசன் பொட்டலத்தை மடியில் வைத்தார். "கேட்டால் நீர் ஒண்டும் இல்லையெண்டுதானே சொல்லுவீர், ராணி," என்றார். "அதுதான் கேக்காமல் பாத்துக்கொண்டு இருந்தனான். டின்னெல்லாம் கீழை இறக்கினீர், எனக்குச் சொல்லவேண்டாம் எண்டு நினைக்கிறீராக்கும் எண்டு நினைச்சன். நோ எண்டு சொன்னால் வெளியிலை இருத்திப்போடுவினம் எண்டு எல்லாருக்கும் பயம்தானே." "நான் என்ன டேனியே?" என்றாள் அவள். "டேனி எண்டால் இவ்வளவு பயந்திருக்கமாட்டன்," என்றார். ஓடுறதைப் பார், வாயைக் கேளாதே. அடப் பாவி மனிசா, அந்த வேலிக் கம்பியில் படித்த வித்தையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியிருக்கிறாயே. இத்தனை வாரம் அவராகக் கேட்கட்டும் என்று அவள் மறைத்தாள், அவள் மறைக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, இரண்டு பேரும் ஒரே கட்டிலில் சுவருக்கும் முதுகுக்குமாகப் படுத்திருந்தார்கள். ஜெனிற்றாமேல் எரிச்சல் அப்போதும் போகவில்லை. தோளில் நாடா ஒட்டின இடம் இதமாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் கூடியது. "நோகுது," என்றாள் அவள். முதல்தரம் வாய்விட்டுச் சொல்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தானா மைதானம் அதிரவேண்டும், சேற்றுக் குவியலுக்குள்ளிருந்து பந்து பிய்த்துக்கொண்டு வர, டேனி அதைக் கையில் எடுத்து, இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவால் நழுவி, அந்த வலது காலால், அதே வலது காலால், உதைத்தான். பந்து நடுக்கம்பங்களுக்கு இடையால் பறந்தது. சுற்றிவர நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக அலறின, கெவின் கிழவன் தன் ஹோர்ணின்மேல் ஏறிப் படுத்தேவிட்டான் போலிருந்தது. அவர்களுடைய கார் மட்டும் சத்தம் போடவில்லை. சிவநேசன் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். "சத்தத்திலை கேக்கேல்லை, ராணி. என்ன சொன்னனீர்? இன்னொருக்காச் சொல்லும்." அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். எங்கிருந்து தொடங்குவது? சீப்பு ஜெனிற்றாவுக்குத் தெரியும், டின் தெரியும், முனகல்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாததாக ஒன்று வேண்டும் என்று தேடினாள், கிடைத்தது. "கட்டிலுக்குக் கீழை ஒரு பை கிடக்குது," என்று தொடங்கினாள்.